கொடியின் தூய்மையும் குடியின் உரிமையும்

கொல்லிமலைத் தேன், கொல்லிமலை மிளகு என்றால் சமவெளி மக்கள் மறுகேள்வி கேளாமல் வாங்குகிறார்கள். மலைப்பொருள் என்றாலே அது தூயது என்பது நம் நம்பிக்கை. ஆனால் தூய்மை என்பது எது? கலப்படம் இல்லாமை தூய்மை என்பது கடைத்தெருவின் கணக்கு. அறத்தின் கணக்கும் அவ்வளவோடு முடிந்துவிடுகிறதா? இதனைத் திராட்சை இரசத்தை வைத்து எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. குடியினால் குடும்பங்கள் சிதைவதை நாள்தோறும் காணும் நாட்டில் இப்படியும் ஒரு சிந்தனையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் அப்பத்தோடு நம் பலிபீடத்தில் வைக்கப்படுவது அந்த இரசமே. அது எந்த நிலத்திலிருந்து, யார் கையால் வருகிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தனது 924-ஆம் எண்ணில், திருப்பலிக்குரிய இரசம் இயற்கையானதாகவும், திராட்சைக் கனியினின்று பெறப்பட்டதாகவும், கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சிவப்பா வெள்ளையா என்று அது கேட்பதில்லை. திருத்துகிலில் கறை படியாது என்பதால் வெள்ளை இரசத்தை விரும்புவோர் பலர். சட்டம் பொருளின் தகுதியைச் சொல்லி நின்றுவிடுகிறது. அப்பொருளை விளைத்த மண் எவ்வாறு நடத்தப்பட்டது, உழைத்தவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்று வினவும் பொறுப்பை அது நம் மனச்சான்றுக்கு விட்டிருக்கிறது.

இவ்வினா எவ்வளவு கூர்மையானது என்பதை வரலாறு காட்டுகிறது. 1514-ஆம் ஆண்டு கியூபாத் தீவில் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் குரு, மறையுரைக்கு ஆயத்தம் செய்கையில் சீராக் நூலின் 34-ஆம் அதிகாரத்தைப் படித்தார். ஏழையிடமிருந்து பறித்த பொருளைப் பலியாக்குகிறவன் கொலைகாரனுக்கு ஒப்பாவான் என்று அப்பகுதி உணர்த்துகிறது. அவருக்கும் அத்தீவின் பழங்குடி மக்கள் கட்டாய உழைப்புச் செய்து வந்தனர். அவர் அம்மக்கள்மீது தமக்கிருந்த உரிமையைத் துறந்தார். பின்னர் நெடுங்காலம் அரசவைகளிலும் நூல்களிலும் அவர்களுக்காக வாதாடினார். அவர் அதுவரை பலிபீடத்தில் வைத்த அப்பத்திலும் இரசத்திலும் சட்டப்படி குறையேதும் இருந்திருக்காது. குறை வயலில் இருந்தது.

வெள்ளை இரசத்தின் சிறப்பு அதன் இளம்புளிப்பு. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறிமாறி வரும் இடத்தில் கனியின் புளிப்பு முற்றிலும் கரைந்துவிடுவதில்லை. சரியான நாளில் பறித்து, சாற்றைப் பிழிந்து தோலை நீக்கி, குளிர்ச்சியில் நொதிக்க வைக்கிறார்கள். சிவப்பு இரசத்துக்குத் தோலின் துவர்ப்பு ஒரு போர்வையாக அமையும்; வெள்ளைக்கு அப்போர்வை இல்லை. ஆகவே கனியின் குறை நாவில் உடனே தெரிந்துவிடும். நம் நாட்டிலும் இது விளைகிறது. பெங்களூருக்கு அருகே நந்திமலைப் பகுதியில் குரோவர் குடும்பத்தார் 1988-இல் தொடங்கிய தோட்டம், பிரான்சு நாட்டுத் திராட்சை வகைகள் தென்னாட்டு மண்ணிலும் பலன் தரும் என்று காட்டியது. நம் தமிழகத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனை 1832-இல் இங்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக் குரு ஒருவர் என்பர்.

திராட்சையை இரசாயன மருந்தின்றி வளர்ப்பது எளிதன்று. சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் மழைக்காலத்தில் சில நாட்களிலேயே தோட்டத்தை அழித்துவிடக்கூடியவை. 1885-இல் பிரான்சின் போர்தோ நகரில் மில்லார்தே என்னும் அறிஞர், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை அடிச்சாம்பல் நோயைத் தடுக்கும் என்று அறிவித்தார். இன்றைய இயற்கை வேளாண்மையும் இதனை முற்றிலும் விலக்கிவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ஏழு ஆண்டுகளில் ஓர் எக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்புச் சத்து இடலாகாது. செம்பு மண்ணில் தங்கி மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீங்கு செய்யும் என்பதாலேயே இந்த வரம்பு. இயற்கை என்று முத்திரை பெற்ற தோட்டமும் மாசே அறியாத தோட்டம் அன்று. தன் தீங்கை அளந்து, அந்த அளவுக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்ட தோட்டம். மனித அறவாழ்வும் பெரும்பாலும் இத்தகையதே. தம்மைக் குற்றமற்றவர் என்று பறைசாற்றுபவரைவிட, தம்மால் விளையும் தீங்கைக் கணக்கிட்டுக் குறைத்துக்கொள்பவரை நம்பலாம்.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரசாயனத்தை விட்ட மறுநாளே தோட்டம் இயற்கைத் தோட்டம் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில் நிற்கும் கொடிகளுக்கு மூன்று ஆண்டுகள் மாறுகாலம் என்பது பொதுவிதி. அம்மூன்று ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம், வேலை கூடும். விற்பதோ பெரும்பாலும் பழைய விலைக்குத்தான். முத்திரை கிடைத்தபின் நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, நல்லது செய்த நிறைவு அடைகிறோம். அத்தூய்மையின் உண்மையான விலையை நமக்கு முன்பே யாரோ ஒரு குடும்பம் தன் அடுப்படியில் செலுத்திவிட்டது. பெருமுதல் கொண்ட நிறுவனம் அச்சுமையைத் தாங்கும். நான்கு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் எப்படித் தாங்கும்?

இக்கேள்வியைக் கொல்லிமலையில் நின்று கேட்டால் இன்னும் தெளிவாகும். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறினால் அங்கே நாம் காணும் பெயர்பெற்ற கொடி, மிளகுக்கொடி. காப்பிச் செடிகளுக்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி அது ஏறுகிறது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை அம்மலையாளி மக்களின் பழைய உணவு. இவற்றுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. ஆயினும் சாமை விளைந்த நிலங்கள் பலவற்றில் மரவள்ளிக்கிழங்கு வந்துவிட்டது. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கின. பணம் கைக்கு வந்தது. சாமையையோ உரலில் இட்டுக் குத்தி உமி நீக்கப் பெண்கள் மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. 1990-களிலிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே விதை வங்கிகளையும் உமிநீக்கும் இயந்திரங்களையும் ஏற்படுத்தியது, இச்சுமையை உணர்ந்ததனால்தான்.

இந்நிலையில், "மலைமக்கள் பழைய தூய பயிரை விட்டுவிட்டார்களே" என்று சமவெளியில் அமர்ந்து வருந்துவது நீதியாகுமா? 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரங்களில் விழாக்கள் நடந்தன. நம் உடல்நலத்துக்காக அவர்கள் சாமை விதைக்க வேண்டும், நம் மனநிறைவுக்காக மருந்தின்றி வளர்க்க வேண்டும், ஆனால் விளைச்சல் பொய்த்தால் அந்த இழப்பு அவர்களுடையது என்றால், அது தூய்மையைப் பிறர் தோளில் ஏற்றிவைப்பதாகும்.

அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு குடும்பத் திராட்சைத் தோட்டம் வருகிறது. ஆகாபு அரசன் அதற்கு ஈடாக வேறு நல்ல தோட்டமோ பணமோ தருவதாகச் சொன்னான். வணிகமுறையில் அது நேர்மையான பேரமே. நாபோத்து மறுத்தான், அது மூதாதையர் விட்டுச்சென்ற உரிமைச் சொத்து என்பதே அவன் காரணம். ஈசபேலின் பொய்ச்சாட்சியால் அவன் உயிரிழந்தான். கொல்லிமலைக்கும் இத்தகைய பழைய நினைவு ஒன்று உண்டு. வல்வில் ஓரியைக் காரி கொன்று, பலா வளம் மிக்க கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு குறிக்கிறது. மலையின் இனிமையே அதற்குப் பகையாயிற்று. இன்று நாபோத்தின் தோட்டத்தைப் பறிக்க வாளோ பொய்ச்சாட்சியோ வேண்டியதில்லை. விளைபொருளுக்கு ஆகும் செலவுக்கும் குறைவாகவே தொடர்ந்து விலை கொடுத்து வந்தால் போதும். தோட்டம் தானே கைமாறிவிடும்.

இதற்கு ஒரு தடை எழும். நியாய விலை என்று உயர்த்திக்கொண்டே போனால் தூய உணவு செல்வர் வீட்டுப் பொருளாகிவிடாதா? கூலிவேலை செய்யும் தாய் எங்கே போவாள்? இத்தடை வலிமையானது, இதனைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மலையில் இருக்கும் ஏழையின் சுமையை இறக்கி நகரத்து ஏழையின் தலையில் வைப்பது தீர்வாகாது. ஆகவே முதலில் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கக்கூடியவர்களே. விடுதிகள், பள்ளிகள், துறவற இல்லங்கள், மருத்துவமனைகள் ஆகியவை நாள்தோறும் மூட்டை மூட்டையாகத் தானியம் வாங்குகின்றன. வாரத்தில் ஒரு வேளைக்கேனும் மலைக்குடும்பங்களிடம் சாமையை முன்கூட்டியே பேசிய விலைக்கு வாங்கலாம். முத்திரை பெற்றபின் வாங்குவதைவிட, மாறுகாலத்தின் மூன்று ஆண்டுகளில் வாங்குவது பெரிது. விளைச்சல் குறைந்த ஆண்டில் பேசிய விலையினின்று இறங்காமல் இருப்பது அதனினும் பெரிது.

காணிக்கை வேளையில் கிண்ணத்தை ஏந்தும்போது கொடியின் கனியையும் மனிதரின் உழைப்பையும் ஒன்றாகவே இறைவன் திருமுன் வைக்கிறோம். கனி தூயதா என்பதைச் சட்டப்படி தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. உழைப்பு எவ்வாறு நடத்தப்பட்டது என்பதற்குப் புட்டியின் முத்திரை முழு விடை தராது. வாங்கும் நாம்தான் அதற்கு விடை சொல்ல வேண்டும். அடுத்த முறை மலைப்பொருள் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, இது தூயதா என்று கேட்பதோடு, இதன் தூய்மைக்கு யார் விலை கொடுத்தார், அதில் நம் பங்கு எவ்வளவு என்றும் கேட்போமாக.