இராவணன் மீசையும் பொறுமையும்

மணல் என்றதும் நமக்கு உறுதியின்மையே நினைவுக்கு வருகிறது. மணல்மீது கட்டிய வீட்டின் உவமையைச் சிறு வயதுமுதல் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் அந்த மணலிலேயே குடியிருந்து, அதை நிலைபெறச் செய்யும் புல் ஒன்று நம் கடற்கரைகளில் உண்டு. மக்கள் அதை ‘இராவணன் மீசை’ என்பர். தாவரவியலார் இட்ட பெயர் ஸ்பினிபெக்ஸ் லிட்டோரியஸ். பெயருக்கேற்ற முரட்டுப் புல். அதன் இலைநுனி ஊசிபோல் காலில் தைக்கும்.

அது வாழும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெய்த மழை விரைவில் மணலுக்குள் இறங்கி மறைகிறது. நண்பகலில் அங்கே வெறுங்காலை வைக்க இயலாது. காற்றோ உப்பைச் சுமந்து வருகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுக்கும்படி இலை தடித்து, விறைத்து, உட்புறமாகச் சுருண்டிருக்கிறது. நீராவி வெளியேறும் நுண்துளைகளைக் காற்று நேரே தாக்குவதில்லை. மேல்மணல் கொதித்தாலும் சற்று ஆழத்தில் ஈரம் தங்கியிருக்கும். உலர்ந்த மேலடுக்கே அதற்கு மூடி. அந்த ஈரத்தை நாடி வேர்கள் இறங்க, தண்டு மணலின்மேல் பல அடி ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடுகிறது. பெண் செடியின் முட்பந்து போன்ற கதிர் முற்றியதும் கழன்று, காற்றில் உருண்டோடி விதை பரப்புகிறது. அதைத் துரத்தி ஓடாத கடற்கரைச் சிறுவர் உண்டோ!

இவற்றினும் நம்மைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. காற்றில் வரும் மணல் இப்புல்லில் தடைபட்டு அதன்மேலேயே குவிகிறது. வேறு செடிகள் பலவும் இவ்வாறு புதையுண்டால் மடிந்துவிடும். இதுவோ மூடிய மணலை ஊடுருவி எழுந்து, புதிய கணுக்களில் மீண்டும் வேரூன்றுகிறது. மறுபடியும் மணல் மூடுகிறது, மறுபடியும் எழுகிறது. மேடு வளர்வது இப்படித்தான். அம்மேட்டின் அடியில் மழைநீர், கனமான கடல்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. கடலுக்கு அருகிலேயே ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்க முடிவது இதனால்தான்.

துன்புறுவோரை நோக்கி, ‘இப்புல்லைப்போல் பொறுத்திருங்கள்’ என்று சொல்லிவிடுவது எளிது. போதிக்கும் பணியில் உள்ள நமக்கோ மிக எளிது. ஆனால் அது முறையா? இப்புல் எதைத் தாங்குகிறது, எதைத் தாங்குவதில்லை என்பதையும் பார்க்கவேண்டாமா? காற்று பருவந்தோறும் குவிக்கும் மணலை அது தாங்கும். ஓயாமல் மிதிக்கும் கால்களையும், வண்டிச் சக்கரங்களையும், மேட்டை ஒரே நாளில் சமன்செய்யும் பொறியையும் தாங்காது. அப்போது அது அழிந்தால், ‘புல்லுக்குப் பொறுமை போதவில்லை’ என்று எவரும் குறை கூறுவதில்லை. மனிதரிடம் மட்டும் அவ்வாறு கூறத் துணிகிறோம். மீனவர் புயலையும் மீன்படாத மாதங்களையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவர்கள். வலை உலர்த்தும் கரையே பறிபோகும்போதும் அதே அறிவுரையை அவர்களுக்கு வழங்குவது, காற்றையும் பொறியையும் ஒன்றாக்குவதாகும்.

மணல்மேட்டை மாற்றியமைப்பதற்கு 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே தடை விதித்தது. அத்தடையின் பொருளை 2004 டிசம்பர் 26 காட்டிற்று. இலங்கையின் யால கடற்கரையில், மேடுகள் குலையாது நின்ற இடங்களில் ஆழிப்பேரலை தடுக்கப்பட்டது. கடற்காட்சிக்காக மேட்டை அகற்றியிருந்த உல்லாச விடுதி ஒன்று முற்றிலும் அழிந்தது. உயிர்களும் போயின.

அழிந்த மேட்டை மீட்கவும் வழி உண்டு. தண்டுத் துண்டுகளை நட்டு, சுற்றிலும் வேலியிட்டு, மக்கள் நடந்து செல்ல மரப்பலகைப் பாதை அமைக்கிறார்கள். நடுவது சில நாள் வேலை. கால்களையும் வண்டிகளையும் விலக்கி வைப்பதுதான் பிறகு பல்லாண்டுப் பணி.