தள்ளாமல் கேளுங்கள்

ஹெவி மெட்டல், ஹார்டு ராக் பாடல்களை ஷஃபிளில் ஓடவிட்டால், அடுத்து எது வரும் என்று தெரியாததாலேயே காது விழித்துக்கொள்கிறது. பிளாக் சபாத் குழுவின் பாட்டு முடிந்த கையோடு டெஃப் லெப்பர்டு குழுவின் பாட்டு வரலாம். முன்னது 1970-இன் கனத்த கிட்டார். பின்னது 1987-இன் பளபளப்பு. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே மனஉறுதி.

பின்னாளில் பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞரான டோனி அயோமி, பர்மிங்காம் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் விரல்களே அவைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் சுருதியையும் இறக்கினார். பிளாக் சபாத்தின் அடர்ந்த ஒலி அப்படி உருவானது. டெஃப் லெப்பர்டின் டிரம்மர் ரிக் ஆலன், 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடக்கையை இழந்தார். அந்தக் கையின் வேலையைக் கால் பெடல்களுக்கு மாற்றிப் பழகி, 1987-இல் வெளிவந்த ‘ஹிஸ்டீரியா’ ஆல்பத்தில் வாசித்தார்.

இரைச்சல் என்று நாம் ஒதுக்கும் இசைக்குள் இத்தனை வைராக்கியம் இருக்கிறது. இன்று ஒரு மணி நேரமாவது, எந்தப் பாட்டையும் தள்ளாமல், வருகிற வரிசையிலேயே கேளுங்கள்.