காத்திருந்தவனின் கணக்கு

2008 நவம்பரில் 'சைனீஸ் டெமாக்ரஸி' இசைத்தட்டு வெளிவந்தபோது, அதைக் கேட்பதற்கு முன்பே அதை நிராகரிப்பதற்கான வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு படைப்பை அணுகுகிறவனிடம் இருக்க வேண்டிய குறைந்தபட்ச நேர்மைகூட அன்று என்னிடம் இல்லை என்பதை இவ்வளவு காலம் கழித்தாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது எனக்கு மட்டும் உரியதல்ல என்றும் தெரிகிறது.

முதலில் விவரம். 'கன்ஸ் அண்ட் ரோஸஸ்' என்ற அமெரிக்க ராக் குழு 1987-ல் தன் முதல் தட்டையும், 1991 செப்டம்பரில் ஒரே நாளில் 'யூஸ் யுவர் இல்யூஷன்' என்ற இரண்டு தட்டுகளையும் வெளியிட்டது. 1993-ல் வந்தது பிறர் பாடல்களின் தொகுப்பு. அதன் பிறகு மௌனம். கிதார் வாசித்த ஸ்லாஷ் 1996-ல் விலகினார்; அடுத்த வருஷம் டஃப் மக்காகன். பாடகர் ஆக்ஸல் ரோஸ் குழுவின் பெயரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வேறு வேறு ஆட்களுடன், வேறு வேறு ஸ்டூடியோக்களில் பதிவு செய்துகொண்டேயிருந்தார். 2005-க்குள் ஒரு கோடியே முப்பது லட்சம் டாலர் செலவாகியிருந்ததாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. வரும் என்று சொன்ன தேதிகள் வந்து போயின. 2008-க்குள் தட்டு வந்துவிட்டால், குழுவை விட்டுப் போன ஸ்லாஷ், பக்கெட்ஹெட் இருவர் நீங்கலாக அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு டின் பானம் இலவசம் என்று டாக்டர் பெப்பர் கம்பெனி அறிவித்தது. காத்திருத்தல் கேலியாகி, கேலி விளம்பரமாகவும் ஆகிவிட்டது. கடைசியில் அந்த வருஷம் நவம்பர் 23 அன்று தட்டு வந்தேவிட்டது. பதினான்கு பாடல்கள்.

ரசிகர்கள் மூன்று விதமாகப் பேசினார்கள். ஸ்லாஷ் இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள ஆக்ஸலுக்கு உரிமை இல்லை என்றார்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார் மகத்தான சிருஷ்டி என்றார்கள்; அத்தனை காலம் நம்பிக் காத்தவர்கள் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்? இந்த இரண்டையும் புரிந்துகொள்வது சுலபம். மூன்றாமவர்கள் நியாயஸ்தர்களாகத் தோன்றியவர்கள். 'நல்ல தட்டுதான், ஆனால் பதினேழு வருஷத்துக்கு இது போதாது' என்பது அவர்கள் கட்சி. நான் தயாராக வைத்திருந்த வாக்கியமும் ஏறத்தாழ இதுதான்.

'வருஷத்துக்கு' என்ற அந்த நான்காம் வேற்றுமையில் ஒரு வட்டிக் கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் வந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கக்கூடிய பாடல், பதினேழு வருஷம் கழித்து வந்ததால் போதாததாகிவிடுகிறது. பாடலில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. காத்திருந்ததை நாம் ஏதோ முதல் போட்டதாக எண்ணிக்கொண்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போகிறோம். கடன் வாங்கியவர் யார், பத்திரத்தில் யார் கையெழுத்து என்று பார்ப்பதில்லை.

வாக்குக் கொடுத்தாரே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். தேதி சொல்லித் தவறியவர் தவறியவர்தான். கலைஞன் என்பதால் அதில் சலுகை கிடையாது. 2002-ல் வான்கூவரிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் கச்சேரி நடக்காமல் போனபோது கூட்டம் கலவரத்தில் இறங்கியது. கலவரத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி வந்து நின்றவனுக்கு ஒரு வழக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த வழக்கு ஆளின் மீது, பாடலின் மீதல்ல. தாமதமாக வந்த கடிதத்துக்காக எழுதியவனைக் கோபித்துக்கொள்ளலாம். கடிதத்தைப் படிப்பது வேறு காரியம். இரண்டையும் ஒன்றாக்கினால் கடிதம் படிக்கப்படாமலே போய்விடும்.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் உதாரணம் உண்டு. 'மை ப்ளடி வாலன்டைன்' என்ற குழுவின் 'லவ்லெஸ்' 1991 நவம்பரில் வந்தது. அதன் கர்த்தா கெவின் ஷீல்ட்ஸும் அடுத்தது வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். 2013 ஜனவரி கடைசியில் லண்டன் கச்சேரி ஒன்றில், இதோ சில நாட்களில் என்றார். பிப்ரவரி 2 அன்று குழுவின் இணையதளத்திலேயே 'எம் பி வி' வெளிவந்தது. வந்த கூட்டத்தைத் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். நடுவில் இருபத்தோரு வருஷம் கழிந்ததே தெரியவில்லை என்று பலர் பாராட்டினார்கள்.

இந்தப் பாராட்டும் அந்த வசையைப் போலவே எனக்குச் சந்தேகம் தருகிறது. ஆக்ஸல் மாறியதற்காக அடிபட்டார். ஷீல்ட்ஸ் மாறாததற்காகத் தோளில் தூக்கப்பட்டார். கணக்குப் புத்தகம் ஒன்றுதான். உண்மையில் ஷீல்ட்ஸும் மாறாமலில்லை. ஒரே சிறு துண்டு மூன்றரை நிமிஷம் மாறாமல் இடித்துக்கொண்டிருப்பதும், அதை அடுத்து விமான இரைச்சலுக்கு நடுவே தெறித்தோடும் தாளமும் 'லவ்லெஸ்'ஸில் இல்லாதவை. இவற்றைக் குறிப்பிட்டுப் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் தட்டைக் கேட்டவர்கள். மற்றவர்கள் தங்களுடைய பழைய அறை ஒன்றுக்குத் திரும்பிப் போனவர்கள்.

எனக்கும் அப்படி ஓர் அறை உண்டு. 'யூஸ் யுவர் இல்யூஷன்' காஸெட்டை நான் கேட்டது ஒரு சிநேகிதனின் மாடியறையில். நாடா அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வோம். 2008-ல் நான் ஆக்ஸல் ரோஸிடம் எதிர்பார்த்தது அந்த மாடியறையை. அவர் தரவில்லை. அது அவரிடம் இருந்ததேயில்லை. காலம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு பாடகனைக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன்.

இதனால் மதிப்பீடே கூடாது என்று ஆகிவிடாது. பிறகு, வருஷங்களை எண்ணாமல் கேட்டபோதும், 'சைனீஸ் டெமாக்ரஸி'யில் எனக்குக் குறைகள் தென்பட்டன. கிதாருக்கு மேல் கிதார், அதற்கு மேல் வாத்தியக் கூட்டம் என்று அடுக்கடுக்காக ஏற்றி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போன ஒருவரின் திணறல் பல பாடல்களில் கேட்கிறது. ஆனால் 'திஸ் ஐ லவ்' என்ற பாடலில் அந்தத் திணறலைத் தாண்டி ஒரு குரல் மன்றாடுகிறது. குறையும் நிறையும் தட்டுக்குள்ளேயே இருக்கின்றன. காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. 2016-ல் ஸ்லாஷும் டஃப்பும் குழுவுக்குத் திரும்பினார்கள். தான் இல்லாமல் உருவான அந்தப் பாடல்களில் சிலவற்றை ஸ்லாஷே மேடையில் வாசித்தார். மைதானங்கள் கைதட்டின. பாடல்கள் பழையவையேதான், யாரோ பாக்கியைத் தீர்த்துவிட்ட திருப்தி ரசிகர்களுக்கு.

இந்த விஷயத்தை இங்கே எழுதக் காரணம் அந்த மாடியறைச் சிநேகிதன். அவன் கவிதை எழுதுகிறவன். ஒரு சிறு தொகுப்புப் போட்டான், பிறகு நிறுத்திவிட்டான். பார்க்கும்போதெல்லாம் அடுத்தது எப்போது என்று கேட்பேன். அவன் எந்த வாக்கும் கொடுத்ததில்லை, சிரிப்பான். சில வருஷங்களுக்கு முன், கேட்காமலே, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். முப்பது கவிதைகள் இருக்கும். ஒரே ராத்திரியில் படித்துவிட்டு, மறுநாள் அவனிடம், "ஏண்டா, இவ்வளவு வருஷத்துக்கு இது போதுமா?" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். நம் வட்டத்தில் இந்த வாக்கியம் அபூர்வமானதல்ல. டீக்கடையில், கூட்டம் முடிந்த பின் வாசலில், நம்மில் யாரும் யாரைப் பற்றியும் சொல்லக்கூடியது. விமர்சனத்தின் கறார் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். அந்தக் கவிதைகளில் சில சுமார் என்றும், இரண்டு நன்றாக இருந்தன என்றும் எனக்கு ஞாபகம். ஞாபகம் என்றுதான் சொல்ல முடிகிறது. எந்த இரண்டு என்று கேட்டால் தெரியாது. அன்று ராத்திரி நான் பக்கங்களைப் புரட்டியபடி வருஷங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த நோட்டை இன்னொரு தடவை தரச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தரலாம். அதெல்லாம் இப்போது இல்லை என்றும் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் வருத்தப்பட எனக்கு இடமுண்டு, கோபப்பட இல்லை.