ஓடி முடித்தலும் விட்டு விலகுதலும்

எடுத்த காரியத்தை இடையில் விடுவது குற்றமா? நேர்த்தி வைத்தவருக்கு அதைச் செலுத்தும் வரை மனம் ஆறாது என்பது அடியார்கள் யாவரும் அறிந்ததே. காவடி எடுப்பதாகச் சொல்லிவிட்டு, பிள்ளையின் படிப்பு, உத்தியோக இடமாற்றம், வருத்தம் என்று ஆண்டுகள் கழிந்துபோனால், திருவிழா வரும்போதெல்லாம் அது முள்ளாகக் குத்தும். யப்பானைச் சேர்ந்த சிசோ கனகுரி என்பவர் அத்தகைய முள் ஒன்றை 54 ஆண்டுகள் சுமந்தார்.

1912 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 20. கப்பலிலும் சைபீரியப் புகையிரதத்திலும் இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட பயணம். யூலை 14 அன்று கடும் வெயில். ஓடத் தொடங்கிய 68 பேரில் ஏறக்குறைய அரைவாசிப் பேரே எல்லைக்கோட்டை அடைந்தனர். கனகுரி வழியில் மயங்கி விழுந்தார். அங்கிருந்த ஒரு வீட்டார் அவரைப் பராமரித்தனர். வெட்கம் தாங்காமல் அதிகாரிகளுக்கும் அறிவிக்காது ஊர் திரும்பினார். ஆகவே சுவீடன் மக்கள் அவரைக் காணாமற்போன ஓட்டக்காரர் என்றே நெடுங்காலம் பேசிவந்தனர்.

அதே ஓட்டத்தில் போர்த்துக்கல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ என்ற இளைஞரும் ஓடினார். தொழிலால் தச்சர். அவரும் வழியில் வீழ்ந்தார். மறுநாள் உயிர் துறந்தார். கனகுரியும் எழுந்து மேலும் ஓடியிருந்தால் என்னவாகியிருக்கும்? விடாமுயற்சி என்று மேடைகளில் முழங்குவோர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே வலியறிதல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அன்று ஓட்டத்தை விட்டது கோழைத்தனமன்று. அதற்காக வெட்கப்பட்டதே வீண்.

எனினும் அந்த வெட்கம் அவரை மூலையில் முடங்க வைக்கவில்லை. 1916 ஒலிம்பிக் போட்டி முதலாம் உலகப் போரால் நடைபெறவில்லை; ஓட்டக்காரனுக்கு நல்ல வயது அதிலே கழிந்தது. 1920 இல் அன்ற்வேர்ப் நகரில் ஓடி 16 ஆவது இடம் பெற்றார். 1924 இல் பாரிஸில் மீண்டும் இடைநடுவில் நின்றார். இதற்கிடையில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1920 இல் தொடங்கிய, யப்பானியப் பல்கலைக்கழக மாணவர்களின் ஹகோனே தொடர் அஞ்சலோட்டம் உருவாகவும் உழைத்தார். தன் குறையை எண்ணிப் புலம்பிக்கொண்டே வீட்டாரை வருத்தும் பெரியவர்கள் நம்மிடையே இல்லையா? இவரோ தமக்குக் கிட்டாத பாதையைப் பிறருக்குத் திறந்துவிட்டார். பற்றுக்கும் பிடிவாதத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது.

நமது நாட்டிலும் ஒருவர் இருந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் ரணதுங்க கருணானந்த என்ற இலங்கை வீரர் மற்றையோர் எல்லாம் முடித்த பின்பும் தனியே ஓடிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்த கூட்டம் இறுதியில் எழுந்து கரகோஷம் செய்தது. கொட்டாஞ்சேனைக்கு அயலில் உள்ள சுகததாச விளையாட்டரங்கில் பதக்கம் வென்றோரின் பெயர்களை அறிந்த பிள்ளைகள், கடைசியாய் வந்த இவரையும் அறிவார்களா என்பது ஐயமே. முடியாதபோது விட்டவர் கனகுரி, முடிந்ததால் விடாதவர் கருணானந்த. இருவரில் யார் சரி என்று கேட்பதைவிட, தத்தம் உடலையும் நாளையும் இருவரும் அறிந்திருந்தனர் எனக் கொள்வதே பொருத்தம்.

1967 மார்ச்சில் சுவீடன் நாட்டவர் கனகுரியைத் தேடி அழைத்தனர். வயது 75. அதே அரங்கில் சிறிது தூரம் ஓடி எல்லைக்கோட்டைக் கடந்தார். அது வெறும் சடங்குதானே என்பாரும் உண்டு. நேர்த்திக்கடன் செலுத்துவதும் சடங்குதான். செலுத்தியவருக்கே அதன் ஆறுதல் தெரியும். அன்று அறிவிக்கப்பட்ட ஓட்ட நேரம் 54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாட்கள், 5 மணி, 32 நிமிடங்கள், 20 செக்கன்கள்.