விரல் கொடுத்த அனுமதி

சென்ற ரமலானில் ஓர் இரவு. தராவீஹ் முடிந்து, பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் காற்றுக்காக அமர்ந்திருந்தேன். என் நீண்டநாள் நண்பர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "காக்கா, ஒரு விஷயம் கேட்கணும். ஆலிம்சாட்ட கேட்க வெட்கமா இருக்கு" என்றார்.

அவருடைய மகனுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள். குழந்தையில்லை. வீட்டில் அதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மருமகள் தன் அறையில், தன் கைப்பேசியில், அது தொடர்பான மருத்துவச் செய்திகளைத் தேடிப் படித்திருக்கிறாள். இரண்டொரு நாளில், மகள்வழிப் பேரப்பிள்ளைகள் படம் பார்ப்பதற்காகக் கூடத்தில் வைத்திருக்கும் டேப்லெட்டில் குழந்தைப்பேறு மருத்துவமனைகளின் விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கிவிட்டன. மாமியார் பார்த்தார், இவரும் பார்த்தார். அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்தது கூடத்துக்கு வந்துவிட்டது.

"நாங்க யாரும் எட்டிப் பாக்கலையே காக்கா. அதுவா வந்து காட்டுச்சு. இதுல குற்றம் யார்மேல?" என்று கேட்டார்.

அன்றிரவு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததையே இங்கே எழுதுகிறேன்.

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்ல வேண்டும் என்று சூரத்துந் நூர் கட்டளையிடுகிறது. "திரும்பிச் செல்லுங்கள்" என்று சொல்லப்பட்டால் மனத்தாங்கல் இன்றித் திரும்பிவிட வேண்டும். அந்நியருக்கு மட்டுமா இது? சொந்த வீட்டுப் பணியாளரும் பருவமடையாத பிள்ளைகளும் கூட, சுப்ஹுக்கு முன், நண்பகல் ஓய்வின்போது, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று அதே சூரா சொல்கிறது. ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரம் வழியாக எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று நாயகம் அவர்கள் அப்போது விளக்கினார்கள். கால் உள்ளே வைக்காவிட்டாலும் கண் உள்ளே போய்விட்டால் அது நுழைந்ததுதான்.

இன்றைய எட்டிப்பார்த்தல் எப்படி நடக்கிறது? ஒவ்வொரு கைப்பேசிக்கும் விளம்பரத்துக்கென்றே ஓர் அடையாள எண் இருக்கிறது. நாம் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்ததும், அதில் விளம்பரம் காட்டும் இடம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலத்துக்குப் போகிறது. என்ன பக்கம், எந்தக் கருவி, ஏறக்குறைய எந்த ஊர் என்ற விவரங்கள் ஏலத்துக்கு வந்த பல நிறுவனங்களுக்கும் அனுப்பப்படுகின்றன. இடத்தை வெல்வது ஒருவர்தான்; ஆனால் தோற்றவர்களும் விவரத்தைப் பார்த்தவர்களே. ஒரே இணைப்பில், ஒரே கணக்கில் இயங்கும் கருவிகளை ஒரு குடும்பத்தினுடையவை என்று கணித்துக்கொள்வதும் இத்தொழிலில் வழக்கம். நண்பர் வீட்டில் அறைக்குள் தேடியது கூடத்தில் தெரிந்ததற்கு இப்படி ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும்.

"பார்ப்பது இயந்திரம்தானே, அதற்குக் கண்ணேது, நாக்கேது?" என்று சிலர் கேட்பதுண்டு. நம் சமுதாயம் இந்தக் கேள்விக்குப் பதிலை மிகக் கசப்பான முறையில் கற்றுக்கொண்டது. தொழுகை நேரமும் கிப்லாவின் திசையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்ற செயலியை அறியாதவர் குறைவு. 2020 நவம்பரில் வெளியான செய்தியின்படி, அது 9 கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்தது. அதனுள் இருந்த ஒரு சிறு மென்பொருள் துணுக்கின் வழியாக, பயன்படுத்துவோர் இருக்குமிடம் 'எக்ஸ்-மோட்' என்ற அமெரிக்க நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்நிறுவனமோ தன்னிடமுள்ள விவரங்களை அமெரிக்க ராணுவத்துக்குப் பணி செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கு விற்று வந்தது. 'மதர்போர்ட்' என்ற செய்தித்தளம் இதை வெளிக்கொணர்ந்தது. தாங்கள் ராணுவத்துக்கு நேரடியாக எதையும் விற்கவில்லை என்று முஸ்லிம் புரோ மறுத்தது. எக்ஸ்-மோடுடனான தொடர்பைத் துண்டிப்பதாகவும் அறிவித்தது. அவர்களுடைய மறுப்பையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் உளூச் செய்துவிட்டு கிப்லா எங்கே என்று கேட்டவனின் இருப்பிடம், அவன் கனவிலும் நினையாத சந்தையில் விலைபோகும் பண்டமாகிவிட்டதே! இயந்திரத்துக்கு நாக்கில்லை என்பது உண்மை. அது எழுதி வைத்ததை வாங்குகிறவனுக்கு நாக்கும் உண்டு, கையும் உண்டு.

அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் துணுக்கைச் செயலிகளிலிருந்து அகற்றும்படி ஆணையிட்டன. வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு மக்கள் போய்வருவதைக் காட்டும் விவரங்களை விற்கக்கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்நிறுவனத்துக்குத் தடை போட்டது 2024-ல்தான்.

நிற்க. "நீங்கள்தானே ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்தினீர்கள்?" என்பது இந்நிறுவனங்களின் வாதம். இங்கேதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். இஸ்லாத்தில் அனுமதி என்பது வெறும் சடங்கா? விற்கும் பொருளின் குறையை மறைத்துச் செய்த வியாபாரத்தை நம் பிக்ஹு குற்றமாகக் கருதுகிறது; வாங்கியவன் குறையை அறிந்தால் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு என்கிறது. நாற்பது பக்கச் சட்ட ஆங்கிலத்தை ஒரு பொத்தானுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, தொழுகை நேரம் பார்க்க வந்த கிழவரிடம் விரலை வாங்குவது எந்த வகை? வாசலில் நின்று "தண்ணீர் தாருங்கள்" என்று கேட்டவனை உள்ளே விட்டோம். அவன் அலமாரியையும் திறந்து பார்த்தால், "கதவைத் திறந்தது நீங்கள்தானே" என்று சொல்வது நியாயமாகுமா?

நம் நாட்டுச் சட்டமும் இதே நியாயத்தைத்தான் பேசுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தொலைவிலிருந்து மருத்துவம் பார்க்கும் செயலி ஒன்று, சிகிச்சைக்கான ஒப்புதலோடு கைப்பேசியிலுள்ள பெயர்ப் பட்டியலுக்கும் சேர்த்து ஒப்புதல் வாங்குகிறது. இரண்டுக்கும் சரி என்று அழுத்தியிருந்தாலும், சிகிச்சைக்குத் தேவையானதற்கு மட்டுமே அந்த ஒப்புதல் செல்லும் என்கிறது சட்டம்.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெருவில் கூவி விற்பது ஹலாலான பிழைப்பு. இலவசமாகக் கொடுப்பவனுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் கூவுகிறவன் தெருவோடு போகவேண்டும். நம் பின்னாலேயே வந்து, எந்த மருந்துக்கடையில் எதை வாங்கினோம் என்று குறித்துக்கொண்டு போகலாகாது.

"எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்று பெருமையாகச் சொல்லும் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களும் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுகிறார்கள்! அந்த மருமகள் செய்த பாவம்தான் என்ன? பாவம் செய்தவனுக்கே கூட இந்த உரிமை மறுக்கப்படவில்லை. கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே போனதையும், அங்கே மதுவுடன் பிடிபட்டவன், தான் செய்தது ஒரு குற்றம், துருவி ஆராய்ந்தது, வாசல் வழியாக வராதது, அனுமதி கேளாதது என்று கலீபா செய்தவை மூன்று எனச் சொன்னதையும், உமர் (ரலி) அதை ஏற்றுக்கொண்டதையும் இமாம் கஸ்ஸாலி எடுத்துச் சொல்கிறார்கள். ஆட்சியாளருக்கே இல்லாத அனுமதி வியாபாரிக்கு எங்கிருந்து வந்தது?

நம் பக்கத்துக் குற்றத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு விளையாட்டுச் செயலி பெயர்ப் பட்டியலைக் கேட்கிறது, கொடுத்துவிடுகிறோம். அந்தப் பட்டியலில் இருப்பது நம்முடைய எண்ணா? நம்பித் தந்தவர்களின் எண்கள் அவை. ராத்தாவின் எண், மதரஸா உஸ்தாதின் எண், பக்கத்து வீட்டு விதவையின் எண். அமானிதத்தை அடுத்தவனிடம் தூக்கிக் கொடுக்க நமக்கு யார் உரிமை தந்தது? என் பங்குக்கு நானும் செய்திருக்கிறேன். பேரன் ஒருநாள் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோது பதினொரு செயலிகளுக்கு அந்த உரிமையை நான் கொடுத்திருந்தது தெரிந்தது. அவற்றில் ஒன்று டார்ச் விளக்கு!

இடம் அறியும் உரிமையும் அப்படித்தான். வக்து கணிக்க ஊரின் பெயர் போதும். நம்மூரில் கிப்லா மேற்கே சற்று வடக்கு சாய்ந்தது. அது காலையொன்று மாலையொன்றாக மாறுவதில்லை. பிறகு இரவும் பகலும் நம் இருப்பிடம் அந்தச் செயலிக்கு எதற்கு? அமைப்புகளுக்குள் போய் அந்த உரிமையை எடுத்துவிடலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் விளம்பர அடையாள எண்ணையே அழித்துவிட முடியும். ஐபோனில் 2021 முதல், பின்தொடரட்டுமா என்று செயலி கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் போதும். இவற்றால் எல்லாம் அடைபட்டுவிடாது. ஓட்டைகள் இன்னும் உண்டு. அதற்காகக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவார் உண்டோ?

பெருநாள் கழித்து நண்பர் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இருவருமாக அடையாள எண்ணை அழித்து, கணக்கையும் மாற்றினோம். குற்றம் யார்மேல் என்று அவர் கேட்டதற்கு, விற்றவன்மேலும் வாங்கியவன்மேலும் என்றேன். பிறகு அவர் தயங்கித் தயங்கி, "எனக்குத் தெரியும்னு மருமகள்ட்ட சொல்லலாமா? ஒரு நல்ல டாக்டரைத் தெரியும்" என்றார்.

"அவள் உங்களிடம் சொன்னாளா?"

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் பார்க்கவில்லை. துஆச் செய்யுங்கள்" என்றேன்.

அவர் தலைகுனிந்து கொஞ்ச நேரம் இருந்தார். அவருடைய மனைவி இதைத் தன் தங்கையிடம் சொல்லிவிட்டாராம். டேப்லெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தங்கை ஊருக்கு அஸருக்குப் பிறகு பஸ் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.