வந்தியின் பங்கை யார் அடைப்பது?



மதுரையம்பதியில் ஆவணி மூலத்தன்று நடைபெறும் பிட்டுக்கு மண் சுமந்த திருவிழாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் அது 61ஆவது படலம். மாணிக்கவாசக சுவாமிகளின் பெருமையை உலகுக்குக் காட்ட இறைவன் வைகையைப் பெருகச் செய்தான். கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் முரசறைவித்தான். நகரத்தார் எல்லோரும் மண்வெட்டியோடு போனார்கள். பிட்டு அவித்து விற்றுச் சீவித்த வந்தி என்ற கிழவிக்கு மட்டும் அனுப்ப ஆள் இல்லை. அவள் சொக்கநாதரை நினைத்து அழுதாள். அவன் கூலியாளாக வந்தான். உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கி உண்டான், ஆடினான், உறங்கினான். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், எல்லா உயிர்கள் முதுகிலும் பட்டது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு அவன் மறைந்தான். கரை அடைபட்டது.

இந்தக் கதையில் வரும் முரசை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அது வெறும் அரச கட்டளை அன்று. ஆறு பெருகுகிறது, ஆபத்து வருகிறது, இன்னது செய்யுங்கள் என்ற எச்சரிக்கை. இன்று நாம் வாழும் இந்தக் கனடா நாட்டிலும் முரசு அறைகிறார்கள். அது வானொலியிலும், தொலைக்காட்சியிலும், 2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நமது கைத்தொலைபேசியிலும் ஒலிக்கிறது. அதைக் கேட்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே இன்றைய சிந்தனை.

நம்மவர் வாயில் இரண்டு பதில்கள் அடிக்கடி வருகின்றன. "வாறது வரட்டும், முருகன் பார்த்துக்கொள்ளுவான்" என்பது ஒன்று. "ஷெல்லுக்குள்ளால வந்த எங்களுக்கு இந்தப் பனி என்ன செய்யும்?" என்பது மற்றது.

முதலாவது பக்தி போலத் தோன்றும். ஆனால் முருகன் எப்படிப் பார்த்துக்கொள்ளுவான்? மச்சாவதாரக் கதையில் திருமால் மீனாக வந்து, வெள்ளம் வரப்போகிறது, படகோடு ஆயத்தமாக இரு என்று முன்கூட்டியே சொன்னார். சொன்னதே அருள். படகில் ஏறியது கேட்டவனின் கடமை. எச்சரிக்கை நம் காதில் விழுந்த அந்தக் கணத்தில் இறைவன் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டான். காதில் விழுந்தும் கேளாமல் இருப்பதற்குச் சைவ சித்தாந்தம் வைத்திருக்கும் பெயர் ஆணவம்.

எச்சரிக்கை கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சுமாத்திராவின் கடலடியில் பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே இலங்கையின் கிழக்குக் கரைக்கு அலை வந்து சேர்ந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு குரல் எழும்பியிருந்தால் எத்தனை பேர் மேட்டுநிலம் ஏறியிருப்பார்கள்! இந்து சமுத்திரத்துக்கு அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. பின்னர்தான் அமைத்தார்கள். சொல்ல ஆள் இல்லாமல் உறவுகளை இழந்த சமூகம், சொல்ல ஆள் இருக்கும் நாட்டில் காதைப் பொத்திக்கொள்ளலாமா?

இரண்டாவது பதிலுக்கு வருவோம். நாங்கள் ஷெல்லுக்குப் பயப்படாததால் உயிர் தப்பவில்லை. பொம்மர் சத்தம் கேட்டவுடன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் பங்கருக்குள் இறங்கியதால் தப்பினோம். எந்தச் சத்தம் கிட்ட, எந்தச் சத்தம் தூர என்று எங்கள் அம்மாமாருக்குத் தெரிந்திருந்தது. வாடைக்காற்று ஒரு மாதிரி வீசினால் வள்ளத்தை இறக்காத கடற்தொழிலாளரும் நம்மவரே. ஆகவே எச்சரிக்கைக்குச் செவி கொடுப்பது கோழைத்தனம் அன்று. அது நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்து.

ஊர்ச் சத்தங்களைப் படித்த நாம் இந்த ஊர்ச் சொற்களையும் படிக்க வேண்டும். சுற்றாடல் திணைக்களத்தார் 'வாச்' என்று சொன்னால், ஆபத்தான காலநிலை உருவாகக்கூடும், கவனமாக இருங்கள் என்று பொருள். 'வோர்னிங்' என்றால், அது வரப்போவது உறுதி அல்லது வந்தேவிட்டது, உடனே செயற்படுங்கள் என்று பொருள். 2025 நவம்பர் முதல் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறமும் சேர்த்து அறிவிக்கிறார்கள். சிவப்பு மிகக் கடுமையானது.

இது வெறும் சொல் விளக்கம் அன்று. 1954ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 அன்று 'ஹேசல்' என்ற சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. மழை கடுமையாக இருக்கும் என்று அறிவித்திருந்தார்கள். சூறாவளி எல்லாம் தெற்கே கடற்கரை ஊர்களுக்குரியது என்று பழகிய மக்கள் வழமைபோலப் படுக்கைக்குப் போனார்கள். ஹம்பர் ஆறு இரவில் பெருகியது. ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒன்ராறியோ முழுவதிலும் இறந்தவர் 81 பேர். வீடுகள் இருந்த அந்த இடத்தில் இன்று பூங்கா இருக்கிறது. ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் வீடு கட்ட விடாமல் காப்பது அந்த 81 உயிர்கள் விட்டுச்சென்ற பாடம்.

வெள்ளம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 யூலை 16 அன்று மறுபடியும் பெருமழை பெய்து, டொன் வலி நெடுஞ்சாலையில் கார்கள் தண்ணீருக்குள் நின்றன. வேகமாக ஓடும் நீர் 15 சென்ரிமீற்றர் இருந்தாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். 30 சென்ரிமீற்றர் இருந்தால் காரையே மிதக்கச் செய்யும். நம் சமூகத்தில் புதிதாக வந்தவர்களும் படிக்க வந்த பிள்ளைகளும் பெரும்பாலும் பேஸ்மென்ற்றில்தான் இருக்கிறார்கள். மேல்வீட்டில் இருப்பவர் மழை எச்சரிக்கை வரும் இரவில் கீழே போய் ஒரு சொல் சொல்லுவது சிவபூசைக்குக் குறைந்தது அன்று.

காற்றும் அப்படியே. 2022 மே 21, விக்ரோரியா நாள் வார இறுதிச் சனிக்கிழமை. கடும் இடிமின்னற் புயல் ஒன்று ஒன்ராறியோவையும் கியூபெக்கையும் கடந்து போனது. கைத்தொலைபேசிகள் அலறின. வெளியே நின்றவர் பலர். குறைந்தது 10 பேர் இறந்தனர், அவர்களில் பலர் மரம் முறிந்து விழுந்து மாண்டவர்கள். இடி கேட்டால் உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. தேர்த் திருவிழாவுக்கும் இது பொருந்தும்.

பனிக்காலத்து ஆபத்து சத்தமின்றி வரும். மேலே சற்று வெப்பமான காற்றுப் படையூடாக வரும் மழைத்துளி, நிலத்தருகே உறைகுளிரில் விழுந்து தொட்ட இடத்திலேயே கட்டியாகிறது. அதுவே உறைமழை. 2013 டிசம்பர் 21, 22 ஆகிய நாட்களில் அது பெய்தபோது ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. குளிர் தாங்காமல் கரியடுப்பையும் ஜெனரேற்றரையும் வீட்டுக்குள் வைத்தவர்கள் நச்சுவாயுவுக்கு ஆளானார்கள். காபன் மொனொக்சைட் என்ற அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரியடுப்பு ஒருபோதும் வீட்டுக்குள் வரக்கூடாது. காற்றோடு சேர்ந்த குளிர் மறை 28க்குக் கீழே போனால் 10 முதல் 30 நிமிடத்தில் தோல் உறையத் தொடங்கும். அதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். மார்கழித் திருவெம்பாவைப் பூசைக்கு விடியற்காலை இருட்டில் கார் ஓட்டி வருகிறோமே, உறைமழை எச்சரிக்கை வந்தால் விரதம் குறைபடாதா? பூசலார் நாயனாரை நினைத்துப் பாருங்கள். அவர் கட்டிய கோயிலில் ஒரு கல்லும் இல்லை. எல்லாம் மனத்தில். காஞ்சியில் மன்னன் கட்டிய கற்றளியை விட்டு, அந்த மனக்கோயிலுக்கே இறைவன் முதலில் எழுந்தருளினான். எச்சரிக்கை நாளில் வீட்டுச் சுவாமி அறையே உங்கள் கோயில். கோயிலில் குருக்கள் ஐயா பூசை செய்வார். பிள்ளைகளையும் பெற்றோரையும் கண்ணாடிப் பனியில் ஏற்றிக்கொண்டு வரும்படி எந்தத் தெய்வமும் கேட்கவில்லை.

இனி வந்திக்கு வருவோம். அரசனின் முரசு அவள் காதிலும் விழுந்தது. செய்தி கிடைத்தும் செய்ய ஆள் இல்லை. இன்று நம் வந்திகளுக்குச் செய்தியும் கிடைப்பதில்லை. எச்சரிக்கை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வருகிறது. பத்தாம் மாடியில் தனியே இருக்கும் அம்மம்மாவுக்குக் கைத்தொலைபேசி அலறினால் பயம் மட்டுமே வரும், பொருள் விளங்காது. மின்சாரம் நின்றால் லிஃப்ற் நிற்கும், வெப்பம் நிற்கும். மருந்து வாங்க இறங்கவும் முடியாது.

கணக்குப் புத்தகத்தில் நூறு வரி சரியாக இருந்து ஒரு வரி விடுபட்டாலும் கூட்டுத்தொகை பிழைக்கும். கரையும் அப்படித்தான். எல்லோரும் தங்கள் பங்கை அடைத்திருந்தார்கள், ஒரு பங்கு திறந்திருந்தது. அடி ஊர் முழுவதுக்கும் விழுந்தது. அந்த முதுகில் பட்டது என் முதுகிலும் படும் என்பதே அந்தப் பிரம்படியின் பொருள்.

ஆகவே கோயிற் குடும்பங்களிடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வீடும், தனியே வாழும் ஒரு முதியவரின் அல்லது புதிதாக வந்த ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை எழுதிச் சுவாமி அறையில் வையுங்கள். எச்சரிக்கை வந்தால் முதலில் அவரை அழைத்துத் தமிழில் சொல்லுங்கள். "அம்மா, இரவைக்கு உறைமழை வருதாம். வெளியில போகாதேங்கோ. மருந்து இருக்கோ? கறண்ட் நிண்டா நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு போறம்." இவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. பிறகு சொன்னபடி போக வேண்டும்.

வந்தி அழைத்தபோது ஆலவாய் அண்ணல் வெள்ளத்தை ஒரு சொல்லால் வற்றச் செய்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யாமல் தலையில் கூடையோடு வந்தான். ஆள் இல்லாத கிழவிக்கு ஆளாக வந்தான். அடுத்த எச்சரிக்கை ஒலிக்கும்போது அந்தக் கூடை நம் வீட்டு வாசலில் இருக்கிறது என்று எண்ணி எழுந்து செல்வோமாக. எல்லோரையும் எம்பெருமான் காத்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.