கைப்பிடிச் சுவரும் எரிவாயுக் கணப்பும்

மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பாத வீட்டில் ஒருவர் தவறி விழுந்தால், பழி வீட்டுக்காரரையே சேரும். எபிரேய வேதத்தின் உபாகமம் 22ஆம் அதிகாரம் விதிக்கும் நெறி இது. ஆட்டங்கண்ட ஏணியை வீட்டில் வைத்திருப்பதையும் யூத மரபு நூலான தால்மூத் தடுத்தது. 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் கைப்பிடிச் சுவர்க் கட்டளையை உயிருக்கு ஆபத்தான எல்லாவற்றுக்கும் விரித்தார்.

குளிர்நாட்டு வீடுகளில் இன்று அந்த ஏணியின் இடத்தில் இருப்பது எரிவாயுக் கணப்பு. வெப்பப் பரிமாற்றியில் மயிரிழை விரிசல் விட்டாலோ, புகைபோக்கியைப் பறவைக்கூடு அடைத்தாலோ கார்பன் மோனாக்சைடு படுக்கையறைவரை வந்துவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலைவலியும் குமட்டலும் சாதாரணக் காய்ச்சல்தான் என்று படுத்தவர் எழாமலே போகலாம்.

மாடியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும், இந்த வாயு தெரியாது. அதனால் வீட்டுக்காரரின் பொறுப்பு கூடவே செய்கிறது. குடியிருப்பவரும் விருந்தாளியும் கணப்பைத் திறந்து பார்க்கப் போவதில்லை. குளிர்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் தேர்ந்த பணியாளரைக் கொண்டு சோதிப்பதும், படுக்கையறை அருகே எச்சரிக்கைக் கருவி பொருத்துவதும் அறக்கடமையே.

யூத நெறி தொலைபேசியைத் தவிர்க்கச் சொல்லும் ஓய்வுநாளில் கருவி ஒலித்தால்? உயிர்காப்பு ஓய்வுநாள் விதிகளைவிட மேலானது என்பது யூதச் சட்டத்தின் உறுதியான நிலை. உடனே வெளியேறி, தீயணைப்புத் துறையைத் தொலைபேசியில் அழைத்தே ஆக வேண்டும்.